எழுபதில் நின்ற முள்

பெல்பர், டெர்பிஷர்
14 மே 1994

வில்ஃப்ரெட்,

இது சமாதானக் கடிதம் என்று நினைத்து உட்கார்ந்து படிக்காதே. நின்றபடியே படி. ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவன் கார் கிளப் பெர்சி ஆல்சாப். அவனைக் கேட்பதைவிட, ஆர்க்னித் தீவில் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற பொய்யனைக் கேட்பது மேல் என்று முடிவு செய்தேன். தொலைபேசி வேண்டாம். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி அதற்காகவே காத்திருக்கிறாள்.

சிரில் போனபோது, விதவையாக நின்ற எனக்குப் பூ அனுப்பினாய். வந்து நிற்கவில்லை. அது தனிக் கணக்கு, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். பெட்டி பெட்டியாகப் பாகம் வாங்கி அவரே கட்டினாரே அந்தச் சிவப்புக் கார், அது இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. நீ வேகவைத்த எஞ்சினைக் கழற்றி மூலையில் சாக்கு போட்டு மூடினவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சாவதற்கு முந்தின வருஷம் திடீரென்று வேறொரு எஞ்சின் கொண்டுவந்து வைத்தார். மீட்டர்களை மாட்டுவதற்குள் படுத்துவிட்டார்.

போன மாதம் ஆல்சாப் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், சந்தையில் மாடு பார்ப்பவன் மாதிரி.

"மேவிஸு கண்ணு, இங்க கெடந்து மக்குதே. நான் கொண்டுபோயி நல்லாப் பாத்துக்கறேன். உன் வயசுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"என் வயசுக்கு எதெல்லாம்னு சொல்லு பெர்சி, கேட்டுக்கறேன்."

"கோவிச்சுக்காத கண்ணு."

கண்ணாம் கண்ணு. "செப்டம்பர் மலைப் பந்தயத்துல இந்தக் கார் ஏறும். நான் ஏத்துவேன்"னு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஆனால் லாண்டரி வேனை இந்த ஊர் மேடு பள்ளமெல்லாம் ஓட்டியவள் நான். வாய் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

கேள்வி இதுதான். பிஸ்கட் டின்னில் மூன்று பித்தளைச் சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று தகர டப்பா மாதிரி குண்டு, ஒன்றுக்கு நீள மூக்கு, ஒன்று கட்டை விரல் அளவு. கூடவே செம்பு வாஷர்கள். குறிப்புத் தாளில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி, படத்தில் இருப்பதோ வேறு எஞ்சின். எது எந்த ஓட்டைக்கு?

இன்னொன்று. எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இரும்பு முழங்கை இருக்கிறதே, அதிலுள்ள ஓட்டையைச் சுற்றி சிரில் பெயிண்டைச் சுரண்டி, மோதிரம் மாதிரி பளபளவென்று ஆக்கிவைத்திருக்கிறார். மரைக்குள்ளும் சுத்தம். நட்டு போல்ட்டுக்குக்கூட பெயிண்ட் அடிக்கிற மனுஷன், அங்கே மட்டும் ஏன் சுரண்டினார்?

நான் எதையும் மறக்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முந்தின அந்த ஜூலை ஞாயிறு நீ மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாய். ஆல்சாப் பெண்டாட்டி கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சில் உப்பில்லை. அறுத்துப் போட்ட வைக்கோல் வயலில் கார்களெல்லாம் வரிசையில் நின்றன. மலை ஏற நான்தான் ஓட்டுவேன் என்று நீ கெஞ்சினாய், அவர் சாவியைக் கொடுத்தார். இரண்டாவது வளைவில் வெள்ளைப் புகை. ரேடியேட்டர் முகமெல்லாம் வைக்கோல் தூசி அடைத்து, எஞ்சின் சூட்டில் இறுகி நின்று, ஹெட் விரிசல் விட்டுப்போயிற்று. இறங்கி வந்து நீ சொன்ன முதல் வார்த்தை: "முள்ளு எழுபதத் தாண்டவே இல்ல மாமா."

அப்படி வெந்த எஞ்சினில் சூட்டு முள் எழுபதாம்! "பாக்காம மிதிச்சிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீ பொய்யில் நின்றாய். அதனால்தான் உனக்கு என் வீட்டுக் கதவு மூடியது.

பதில் போடு.

மேவிஸ்


ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னி
23 மே 1994

மதிப்பிற்குரிய திருமதி மேவிஸ் ஹாலம் அவர்களுக்கு,

மரியாதை இந்த வரியோடு முடிந்தது. நின்றபடியேதான் படித்தேன். படகில் உட்கார இடமில்லை.

தகர டப்பா மாதிரி இருப்பது எண்ணெய் அழுத்தத்துக்கு. எண்ணெய் ஃபில்டர் பக்கத்தில் எச்சரிக்கை விளக்குக்கான சின்ன சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றி, அங்கே மூன்று வாய் உள்ள பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு, இரண்டையும் அதில் மாட்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று சொல்லும். நீள மூக்கு எண்ணெய்ச் சூட்டுக்கு, அடியில் எண்ணெய் வடிக்கிற பிளக் இருக்கும் இடத்தில் போகும். கட்டை விரல்தான் தண்ணீர்ச் சூட்டுக்கு. அது அந்த முழங்கையில். அதன் மூக்கு தண்ணீரில் முங்கி இருக்க வேண்டும். காற்றில் நின்றால் கண்டதைச் சொல்லும்.

எர்த் விஷயத்தைக் கவனி. உன் காரின் உடம்பு ஃபைபர், அதில் கரண்ட் ஓடாது. ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் எர்த் வயரை சேஸிஸ் இரும்புவரை இழுத்து, அங்கே பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்கு. இதைச் செய்யாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களால்தான் உன் கிளப் நிறைந்திருக்கிறது.

முழங்கையில் ஏன் சுரண்டினார் என்று கேட்டாய். அந்த வரியை நான் பல தடவை படித்துவிட்டேன். இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன கோடையில் இங்கே ஒரு படகுக்காரர் விருந்தாளி ஒருவரைக் கூட்டிவந்தார். உங்கள் பக்கத்து ஆள். என் பேரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா அந்த முட்டை வில்ஃப்!" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கிளப்பில் மரத்தால் செய்த முட்டைக் கோப்பை ஒன்று இருக்கிறதாம், அதில் என் பேரைப் பித்தளையில் பொறித்திருக்கிறார்களாம். வருஷா வருஷம் எஞ்சினை வேகவைக்கிறவருக்கு அதில் ஒரு அவித்த முட்டை வைத்துக் கொடுத்து, எல்லாரும் கைதட்டுவார்களாம். பூமி இங்கே முடிகிறது மேவிஸ், இதற்கு அப்பால் கடல்தான். இங்கேயும் வந்துவிட்டது என் முட்டை.

நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். நான் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பழைய எஞ்சின் இன்னும் மூலையில் இருக்கிறதா? அதில் சென்சார் இருக்கிறதா? இருந்தால் எடு. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதை முக்கி, மீட்டரும் பாட்டரியும் சேர்த்து, ஜாம் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார். அம்மாவின் தெர்மாமீட்டர் உன்னிடம்தானே இருக்கிறது. எனக்குத் தருவதாக அம்மா சொன்னது.

அன்று முள் எழுபதைத் தாண்டவில்லை.

வில்ஃப்


பெல்பர்
5 ஜூன் 1994

வில்ஃப்,

தெர்மாமீட்டரை உனக்குத் தருவதாக அம்மா சொன்னது காய்ச்சல் வேகத்தில். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஃபைபரில் கரண்ட் ஓடாது என்பதை உன் கடிதம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். எர்த் வயரை அழகான பித்தளைத் திருகு போட்டு ஃபைபரிலேயே முடுக்கியிருந்தேன். சாவியைத் திருப்பினால் ஒரு முள்ளும் அசையவில்லை. ஒரு நாள் முழுக்க மீட்டர் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். இப்போது சேஸிஸில் சுரண்டி மாட்டியாயிற்று. எண்ணெய் சென்சார்கள் இரண்டும் நீ சொன்னபடி ஏறிவிட்டன. கார் அடியில் படுத்து எழுந்திருக்க அரை மணி ஆயிற்று. இடுப்பு இன்னும் பேசுகிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

எஞ்சின் இருக்கிறது. சாக்கை எடுத்தேன், எலிக்கூடு. அதற்குக் கீழே துருப்பிடித்த முழங்கை, அதில் உன் சென்சார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பேனருக்குக் குழாய் சொருகி நீட்டம் கொடுத்துத் திருகினேன். கிறீச்சென்று வந்தது. மரையெல்லாம் அழுக்கு. வெள்ளையாக, பல்லி தோல் உரித்த மாதிரி ஏதோ சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கோடு எதையும் பாத்திரத்தில் போடுகிற ஆள் நான் இல்லை. ஊசியால் நோண்டி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன்.

நெல்லிக்காய் ஜாம் கிண்டுகிற பெரிய பாத்திரம். தெர்மாமீட்டர் ஒரு பக்கம், நூலில் கட்டிய சென்சார் இன்னொரு பக்கம். கார் பாட்டரியைத் தூக்கமுடியாமல் கோணிப் பையில் வைத்து இழுத்துவந்தேன். பழைய மீட்டரைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்து நிறுத்தினேன். ஒரு வயர் மீட்டரிலிருந்து சென்சார் தலைக்கு, இன்னொன்று பாட்டரியிலிருந்து சென்சார் உடம்புக்கு. துணிக் கிளிப் போதவில்லை, முடி கிளிப் போட்டேன்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். தெர்மாமீட்டர் நாற்பது என்றது, முள் நாற்பது என்றது. அறுபது, அறுபது. எழுபதில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முள் நிற்கவில்லை வில்ஃப். எண்பது, தொண்ணூறு, கொதி வந்ததும் நூறு. தெர்மாமீட்டரோடு கைகோத்துக்கொண்டு ஏறிற்று, கோவிலுக்குப் போகிற கல்யாண ஜோடி மாதிரி.

நீ சோதிக்கச் சொன்னாய், சோதித்தேன். சென்சார் பொய் சொல்லவில்லை. அப்போது பொய் சொன்னது யார்?

அந்தத் தண்ணீரிலேயே டீ போடலாம் என்றிருந்தேன். குடிக்கத் தோன்றவில்லை. கீழே ஊற்றிவிட்டேன்.

மேவிஸ்


ஸ்ட்ரோம்னஸ்
15 ஜூன் 1994

மேவிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கருவிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். பதில் கிடையாது என்றுதான் இருந்தேன். நேற்று ஒரு ஸ்பேனர் தேடும்போது மறுபடி கையில் வந்தது. மறுபடி படித்தேன். ஒரு இடத்தில் நின்றேன்.

வெள்ளையாக, பல்லி தோல் உரித்த மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அதை நோண்டி எடுத்துவிட்டுத்தான் சோதித்திருக்கிறாய்.

மேவிஸ், அது குழாய் மரையில் தண்ணீர் ஒழுகாமலிருக்கச் சுற்றுகிற வெள்ளை டேப்.

இந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான் உண்டு, கவனித்தாயா? கரண்ட் அந்த வயரில் உள்ளே வரும். திரும்பிப் போக வயர் கிடையாது. சென்சாரின் மரை முழங்கையின் மரையைக் கடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த இரும்புதான் திரும்பும் வழி. நடுவில் டேப்பைச் சுற்றினால் வழி அடைபடும். முழுக்க அடைபட்டால் முள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஏதோ ஒரு இடத்தில் மரை டேப்பைக் கிழித்துக் கொஞ்சம் தொட்டுக்கொண்டால், முள் எழுந்திருக்கும். ஆனால் சூட்டைக் குறைத்துச் சொல்லும். பார்க்கிறவனுக்கு மீட்டர் வேலை செய்கிற மாதிரியே இருக்கும்.

நீ சமையலறையில் சென்சாரைச் சுத்தமாக்கி, முடி கிளிப்பை நேராக அதன் உடம்பில் போட்டாய். காரில் இல்லாத வழியை நீயே கட்டிக் கொடுத்திருக்கிறாய். அது உண்மை சொல்லாமல் என்ன செய்யும்?

இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. டேப் இருந்தால் எழுபதில்தான் நிற்கும் என்று சட்டமும் இல்லை. பார்க்காமல் எனக்கும் தெரியாது. மறுபடி செய். பழைய எஞ்சினிலிருந்து முழங்கையைத் தனியாகக் கழற்று, இரண்டே போல்ட்தான். சென்சாருக்கு டேப் சுற்றி அதில் முடுக்கு. முழங்கையைத் தண்ணீரில் வை. பாத்திரத்தின் அடியில் துணி விரி, இரும்பு பாத்திரத்தைத் தொடக்கூடாது. இந்தத் தடவை கிளிப்பைச் சென்சாரில் போடாதே, முழங்கையில் போடு.

முள் நூறுக்குப் போனால் எனக்கு எழுத வேண்டாம். அந்த முட்டையை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

வேறு விதமாக வந்தால், வந்ததை வந்தபடி எழுது. யார் சுற்றியது என்று நான் கேட்கமாட்டேன்.

வில்ஃப்


பெல்பர்
27 ஜூன் 1994

வில்ஃப்,

டேப் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். கோட்டு மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற டிராயரை இழுத்தேன். நான் எதையும் தூக்கி எறிவதில்லை என்பது உனக்குத் தெரியும். நூல் உருண்டைக்குப் பின்னால், நீல மூடி போட்ட அந்தச் சுருள் இருந்தது.

கையில் எடுத்ததும் அந்த ஜூலை ஞாயிற்றுக் காலை முழுசாக வந்து நின்றது. நான் சாண்ட்விச்சுக்குப் பன்றி இறைச்சி நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ரேடியோவில் யாரோ தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சிரில் கொல்லைக் கதவில் தலையை மட்டும் நீட்டுகிறார், ஷூவில் கிரீஸ் என்பதால்.

"மேவிஸ், தொட்டிக் குழாய்க்கு வாங்குனமே டேப்பு, எங்க?"

"கீழ் டிராயர்ல. எடுத்தா எடுத்த எடத்துல வையுங்க. போன தடவ கத்தரிக்கோலத் தொலைச்ச மாதிரி தொலைக்காதீங்க."

"சென்சார்ல சொட்டுச் சொட்டா ஒழுகுது. நாலு சுத்து சுத்துனா நின்னுரும்."

எடுத்த இடத்தில் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனார். இத்தனை வருஷம் அந்த நாளில் உன் ஸ்வெட்டரை நினைத்தேன், உப்பில்லாத முட்டையை நினைத்தேன். டேப்பு என் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நீ சொன்னபடி செய்தேன். பாத்திரத்தின் அடியில் ஜாம் பாட்டில் வேகவைக்கிற துணி. முழங்கையில் கிளிப்.

முதல் தடவை முள் அசையவே இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் தூங்குகிறது. 'பார், எழுபது என்றாயே, இது ஒன்றுமே சொல்லவில்லை' என்று மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு எனக்கே உறைத்தது. நான் முடுக்கியது என் கைப் பலத்துக்கு. சிரில் எதையும் அப்படி விடுகிறவர் இல்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட அவர் மூடினால் அவர்தான் திறக்க வேண்டும். ஆறவிட்டு, ஸ்பேனரில் குழாயைச் சொருகி, அவர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை இறுக்கினேன்.

மறுபடி அடுப்பு. முள் துள்ளி எழுந்தது. முப்பது, நாற்பது, ஒழுங்காக ஏறுகிறது. பார்த்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தெர்மாமீட்டர் எண்பத்தைந்து காட்டும்போது முள் அறுபது. தண்ணீர் கொதித்தது. தெர்மாமீட்டர் நூறு. முள் எழுபதுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வந்து, நின்றது. கண்ணாடியில் தட்டினேன். எழுபது. ஜன்னல் எல்லாம் ஆவி மூடி, பாதித் தண்ணீர் வற்றுகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

எழுபது.

பிறகு ஷெட்டுக்குப் போனேன். புது எஞ்சினில் அவர் சுரண்டிய வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். டின்னில் செம்பு வாஷர் போட்டிருக்கிறார், டேப் போடவில்லை. விஷயம் தெரியாத ஆள் செய்கிற வேலை இல்லை அது. எங்கே தெரிந்துகொண்டார், யார் சொன்னார்கள், எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் வாழ்த்து அட்டைகளுக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வெற்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்ஃபுக்கு ஒண்ணு போடலாமா?"

"அந்தப் பொய்யனுக்கா? என் வீட்டுத் தபால்தல அவனுக்குச் செலவாகாது."

"இல்ல மேவிஸ், அவன் சொன்னதுல ஒருவேள..."

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. தட்டு கழுவணும், எந்திரிங்க."

எழுந்து போய்த் தட்டு கழுவினார். அதற்கப்புறம் உன் பேரை எடுக்கவில்லை.

இதற்கு மேல் எழுதினால் தாள் கிழியும்.

மேவிஸ்


ஸ்ட்ரோம்னஸ்
8 ஜூலை 1994

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டுப் படகுத் துறையில் கொஞ்ச தூரம் நடந்தேன். எதிரே வந்தவர், "என்ன வில்ஃப், லாட்டரி விழுந்திடுச்சா?" என்று கேட்டார். "முள்ளு நின்னுடுச்சு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ.

நீ எங்கேயும் 'உன்னை நம்புகிறேன்' என்று எழுதவில்லை. எழுபது என்று ஒரு தனி வரி போட்டிருக்கிறாய். எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கிளப்பில் சொல்லாதே. எனக்குத் தெரியும் உன்னை, இந்நேரம் கோட்டு மாட்டியிருப்பாய். வேண்டாம். என்னைப் பொய்யன் என்றபோது பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனால் சொன்னேன். சிரில் மாமா எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அந்த ஹாலில் பாதிப் பேருக்குக் கார் கட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரை எடுத்து அந்தக் கோப்பையில் உட்காரவைக்க வேண்டாம். நான் அதில் உட்கார்ந்து பழகிவிட்டேன்.

புதுச் சென்சாருக்கு செம்பு வாஷர் மட்டும் போடு. ஒழுகாது. கடைசிவரை இறுக்காதே, பித்தளை. இன்னொன்று கேட்க மறந்தேன்: எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து சேஸிஸுக்குப் பின்னல் எர்த் பட்டை ஒன்று போட்டாயா? போடாவிட்டால் மாமா சுரண்டியதெல்லாம் வீண்.

தெர்மாமீட்டரை நீயே வைத்துக்கொள்.

வில்ஃப்


பெல்பர்
8 ஆகஸ்ட் 1994

தம்பி,

பின்னல் பட்டை போட்டாயிற்று. போன வாரம் எஞ்சின் ஓடியது. முதல் மூன்று தடவை இருமிவிட்டு, நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. தெருவே ஜன்னலுக்கு வந்தது. நான் முள்ளை மட்டும்தான் பார்த்தேன். மெதுவாக ஏறி எண்பத்தைந்தில் வந்து, ஃபேன் சுற்றியதும் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. முழங்கையில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. முள்ளும் கையும் ஒன்றையே சொன்னால் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

நேற்று கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு. நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நீ சொல்லி நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

ஜாம் பாத்திரம், கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது எடுத்துப்போகிற சின்ன அடுப்பு, பாட்டரி, மீட்டர், முழங்கை எல்லாவற்றையும் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பேத்தி படுத்திருந்த வண்டி, ஒரு சக்கரம் இன்னும் அழும். எல்லாரும் பன்றி பேக்கன் தின்றுகொண்டிருந்தார்கள். நடு மேசையில் தட்டுகளை ஒதுக்கி எல்லாவற்றையும் பரப்பினேன்.

"என்ன கண்ணு, ஜாம் போடப் போறியா?" என்றான் ஆல்சாப்.

"ஆமா பெர்சி. பதினாறு வருஷமா ஊறுன பழம்."

அடுப்பைப் பற்றவைத்தேன். "முள்ளப் பாருங்க, தெர்மாமீட்டரப் பாருங்க, வாயத் தொறக்காதீங்க" என்றேன். கார்க்காரர்கள் இருக்கிறார்களே, முள் ஒன்றைக் காட்டினால் போதும், கோவிலில் கூட இவ்வளவு அமைதி கிடையாது. ஒருத்தன் முட்கரண்டியில் குத்திய பேக்கனோடு அப்படியே நின்றான். தண்ணீர் கொதித்தது. முள் எழுபதில் நின்றது. யாரோ பின்னாலிருந்து, "மீட்டர் கெட்டுப்போச்சு" என்றான். டேப்பை உரித்து, சென்சாரைத் திருப்பி முடுக்கி, மறுபடி முக்கினேன். முள் விறுவிறுவென்று நூறுக்குப் போயிற்று.

அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் கார் கட்டுகிறவர்கள். இரண்டு மூன்று பேர் தங்கள் காரை நினைத்து முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"பெர்சி, அந்த முட்டைக் கோப்பைய எடு."

"எதுக்கு கண்ணு? இந்த வருஷம் இன்னும் யாரும் வேகவைக்கலியே."

"வேகவெச்சவன் பேரு தப்பாப் போட்டிருக்கீங்க. என் தம்பி முள்ளப் பாத்துத்தான் ஓட்டுனான். முள்ள ஊமையாக்குனது டேப்பு. அதச் சுத்துனது என் புருஷன்."

"மேவிஸு, சிரில் போயாச்சு. செத்தவங்கள..."

"எனக்குத் தெரியாதா அவரு போனது? நான்தானே பக்கத்துல இருந்தேன். அவருக்கு விஷயம் தெரியும் பெர்சி. தெரிஞ்சு, புது எஞ்சின்ல ஒழுங்கா சுரண்டி வெச்சிருக்காரு. ஆனா வாயால சொல்லல. சொல்ல வந்தப்ப அவர யாரு சொல்லவிட்டா? அது எங்க வீட்டு விஷயம். கோப்பைய எடு."

எடுத்தான். பித்தளைத் தகட்டை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி அங்கேயே பிடுங்கினேன். மரம் கொஞ்சம் பிய்ந்துவிட்டது. "கிளப் சொத்து" என்று யாரோ முனகினான். திரும்பிப் பார்த்தேன், பேக்கனுக்குத் திரும்பிவிட்டான்.

கோப்பை இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. உன் பழைய சென்சார் அதில் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தகட்டைக் குப்பையில் போடவில்லை. கீழ் டிராயரில், டேப்புக்குப் பக்கத்தில்.

சிரில் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. கல்லறைக்கு வாராவாரம் கொண்டுபோகிற பூவை நிறுத்திவிட்டேன். செப்டம்பர் வரைக்கும் கிடையாது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டு, புல்லை மட்டும் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டு வந்தேன். புல் என்ன தப்பு செய்தது.

இனி காரைப் பற்றி. ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வலை கட்டியிருக்கிறேன், வைக்கோல் உள்ளே வராது. மீட்டர் எல்லாம் சரி. ஓட்டுகிற சீட்டு மட்டும் எனக்காக முன்னால் தள்ளி நாலு போல்ட்டில் இருந்தது. இன்று காலையில் அதைக் கழற்றி, கடைசி ஓட்டைக்குத் தள்ளி முடுக்கிவிட்டேன். நெட்டைக் கால்காரன் ஒருவன் உட்கார்ந்தால் அளவாக இருக்கும். போல்ட்டுகளைச் சிரில் மாதிரி இறுக்கியிருக்கிறேன், இனி என் கையால் வராது. வருகிறவன் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராமலிருந்தால் நல்லது.

மத்தியானம் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். செப்டம்பரில் இந்தக் கார் மலை ஏறும் என்று ஆல்சாப்பிடம் சொன்ன வார்த்தை அப்படியே நிற்கிறது. என் கால்தான் பெடலுக்கு எட்டவில்லை.

உன் அக்கா,
மேவிஸ்